பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பது எந்தக் கட்சி வேலை?

(வட்டார அளவிலான மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், கூட்டமைப்பின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் நடந்த ஒரு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம். வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையில் விற்கிற பாக்கெட் உணவுகளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைத் தமிழிலும் போட வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட வேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். குழு குழுவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். பாதி வரிசை தாண்டியதும் ஒரு அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது எந்தக் கட்சி வேலைம்மா? நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதும், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட இரண்டு பேர், "எங்க பேரையும் அடிச்சிடுங்க" என்றார்கள். மனு அப்படியே நின்றுபோனது.

அந்த அக்கா மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. குழுவுக்குள் கட்சி கூடாது என்பது நாம் எல்லோரும் சேர்ந்து போட்ட விதி. ஒரே குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். நாலு கட்சிக்காரர் வீட்டுப் பெண்களும் இருக்கிறோம். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாமே ஒருவரை ஒருவர் நம்புவதில்தான் ஓடுகிறது. அதற்குள் கொடி நுழைந்தால் என்ன ஆகும் என்று தேர்தல் நேரங்களில் பார்த்திருக்கிறோம். ஆகவே கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டியது கூட்டமைப்பின் கடமை. ஒரு மாதம் விசாரித்து, படித்து, எங்களுக்குள் பேசி, இன்றைக்கு அந்தப் பதிலோடு வந்திருக்கிறோம்.

மனு எழுத வைத்தது எது?

முதலில், இந்த மனு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறோம். நம் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். குழுவின் கணக்கு நோட்டை அவர்தான் எழுதுகிறார். அவருடைய மாமியாருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார். இவரும் குழம்பில் உப்பைக் குறைத்தார், ரசத்தில் குறைத்தார். மாமியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாவம் என்று கடையில் பாக்கெட் ஊறுகாயும், சாயங்காலத்துக்கு நூடுல்ஸும், உப்பு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். மாசம் மூணு ஆச்சு, ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. மாத்திரை கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு நர்ஸ் அம்மாதான், "வீட்டுல என்னென்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டு, பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஆங்கில வார்த்தையைக் காட்டி, "சோடியம்னு போட்டிருக்கே, இதுதான் உப்பு" என்று சொன்னார்.

அந்தச் சகோதரி நம்மிடம் சொன்னது இதுதான்: "நான் என்ன படிக்காதவளா? தமிழ்ல போட்டிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா?"

இந்தக் கேள்வியில் கட்சி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அரசியல் வேறு, கட்சி அரசியல் வேறு

நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கிராம சபையில் எழுந்து பேசுகிறோம். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்கிறோம். அங்கன்வாடிக் கட்டடம் ஒழுகுகிறது என்று மனு கொடுக்கிறோம். இவையெல்லாம் அரசாங்கத்திடம் கேட்பவை. அந்த வகையில் அரசியல்தான். ஆனால் இவை கட்சி அரசியல் இல்லை. யார் தலைவராக இருந்தாலும் கேட்போம். நம் வீட்டுக்காரர் கட்சியே ஆட்சியில் இருந்தாலும் கேட்போம். ஆள் மாறினாலும் நம் கேள்வி மாறாது என்றால் அது கட்சி அரசியல் இல்லை. ஆளைப் பார்த்துக் கேள்வி மாறினால்தான் அது கட்சி அரசியல். கூட்டமைப்பு கண்டுபிடித்த சின்ன உரைகல் இது. மனுவை இதில் உரசிப் பார்ப்போம்.

நம் குழுக்களே இதற்குச் சாட்சி. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியபோது ஆட்சியில் இருந்தது ஒரு கட்சி. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தபோது இருந்தது இன்னொரு கட்சி. பிறகு எத்தனையோ தடவை ஆட்சி மாறியது. குழுக்கள் நின்றுவிட்டனவா? இல்லை. பெண்கள் கையில் நாலு காசு இருக்க வேண்டும் என்பது எந்தக் கட்சியின் சொத்தும் இல்லை. உணவு விவரமும் அப்படித்தான்.

எந்த ஆட்சியில் எது வந்தது?

சொன்னால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் அல்லவா? வருடத்தோடு சொல்கிறோம்.

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் வந்தது. அப்போது பிரதமர் நேரு, காங்கிரஸ் ஆட்சி. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் காங்கிரஸ் ஆட்சி, பிரதமர் ராஜீவ் காந்தி. பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்க்கிறோமே, சைவம் என்பதற்கு அடையாளமாக? சைவம், அசைவம் என்று குறி போட வேண்டும் என்ற விதி 2000, 2001ஆம் ஆண்டுகளில் வந்தது. அப்போது பிரதமர் வாஜ்பாய், பா.ஜ.க. தலைமையிலான ஆட்சி. இன்றைக்குச் சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். எழுத்தே தெரியாத பாட்டிகூட அந்தக் குறியைப் பார்த்து வாங்குகிறார். அது எந்த ஆட்சியில் வந்தது என்று யாராவது கேட்டோமா?

2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. அப்போது மன்மோகன் சிங் பிரதமர். பழைய சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கி, 2011 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாக்கெட்டில் விவரம் போடுவதற்கான புதிய விதிகள் 2020-ல் வந்தன. அப்போது மோடி பிரதமர். சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு, ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றெல்லாம் போடச் சொன்னது அந்த விதிதான்.

குழந்தை விஷயத்தையும் பாருங்கள். பால் பவுடர் டப்பாவில் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும், கொழுகொழு குழந்தை படம் போட்டு மயக்கக் கூடாது என்ற சட்டம் 1992-ல் காங்கிரஸ் ஆட்சியில் வந்தது. 2003-ல் பா.ஜ.க. தலைமையிலான ஆட்சியில் அதே சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். ஒருவர் போட்ட சட்டத்தை அடுத்தவர் கிழித்துப் போடவில்லை, பலப்படுத்தினார்கள்.

பீடி, சிகரெட் பாக்கெட்டும் அதே கதைதான். சட்டம் 2003-ல், எச்சரிக்கைப் படம் 2009-ல், படம் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைக்க வேண்டும் என்றது 2016-ல். நடுவில் இரண்டு தடவை ஆட்சி மாறிவிட்டது.

வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கெடுதல். 2011-ல் அதற்கு 10 சதவீதம் வரை அனுமதி இருந்தது. படிப்படியாகக் குறைத்து 2021-ல் 3 சதவீதம், 2022-ல் 2 சதவீதம் ஆக்கினார்கள். இதுவும் இரண்டு ஆட்சிகளில் நடந்த வேலை.

வெளிநாட்டில் பார்த்தாலும் இப்படித்தான். தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும் என்ற சட்டம் அங்கே இருக்கிறது. 2012-ல் சட்டம் நிறைவேறியபோது வலதுசாரிக் கட்சியின் அதிபர். 2016-ல் நடைமுறைக்கு வந்தபோது இடதுசாரிக் கட்சியின் அதிபர். பிள்ளை குட்டி எல்லாக் கட்சிக்காரருக்கும் இருக்கிறது அல்லவா?

அப்படியானால் யார் தயங்குகிறார்கள்?

எல்லோரும் ஒத்துக்கொண்டால் பிறகு ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். இங்கே எதிரும் புதிருமாக நிற்பது கட்சியும் கட்சியும் இல்லை. விற்பவரின் வசதியும் வாங்குபவரின் தேவையும்தான்.

நம் நாட்டில் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எளிதாகப் புரிகிற அடையாளம் போடலாம் என்று 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டார்கள். நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது அது. சிலர், நட்சத்திரம் பார்த்தால் நல்ல பொருள் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள், அதிக உப்பு, அதிக சர்க்கரை என்று நேரடியாக எச்சரிக்கை போடுங்கள் என்கிறார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்த அடையாளம் நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், தப்பில்லை. தெரியவே வேண்டாம் என்று மேடை போட்டுச் சொல்லும் கட்சியை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கிற மாவை "ஹெல்த் டிரிங்க்" என்று நம்பி வாங்குகிறோம். அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, இணைய விற்பனைத் தளங்கள் அந்தத் தலைப்பின் கீழ் இந்த மாவுகளை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது. முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் விவரம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் காசு மிச்சம்.

விவரம் இல்லாததன் விலை

1998-ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்துவிட்டது. கை கால் வீங்கி, மூச்சு முட்டி, 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயை யார் ஆட்டினார்கள், எங்கே அடைத்தார்கள் என்று தெரியாமல் அளந்து விற்றால் யாரைப் பிடிப்பது? அதே 1998-ல்தான் சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்து, விவரம் போட்டு விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. செத்தவர்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்று எண்ணெய் பார்க்கவில்லை.

எங்கே கட்சி நுழைகிறது?

நேர்மையாகப் பேச வேண்டும். உணவு விஷயத்தில் கட்சியே நுழையாது என்று சொன்னால் அது பொய். நுழைகிற இடம் ஒன்று இருக்கிறது. பண்டத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, செய்த ஆளைப் பற்றிக் கேட்கிறோமே, அங்கேதான்.

2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் சிவ பக்தர்கள் கங்கை நீர் சுமந்து போகிற கன்வர் யாத்திரை நடந்தது. யாத்திரை வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகள் முதலாளியின் பெயரை வெளியே எழுதிப் போட வேண்டும் என்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். பெரிய சர்ச்சை ஆனது. ஒரு தரப்பு இது வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய விவரம் என்றது. மறு தரப்பு பெயரை வைத்து மதத்தைப் பார்த்து ஒதுக்குவதற்கான வழி என்றது. ஜூலை 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை போட்டது. என்ன வகை உணவு விற்கிறீர்கள் என்று எழுதச் சொல்லலாம், முதலாளி, வேலையாள் பெயரை எழுதும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்னது.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. சட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பது வேறு. சட்டியைக் கிண்டியது எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பது வேறு. பொருள் எங்கே தயாரானது, எந்த நிறுவனம், புகார் சொல்ல எங்கே எழுதுவது என்ற முகவரி வேண்டும், அது பொறுப்பு. அதற்கு மேல் ஆளின் பிறப்பை நோண்டுவது நம் மனுவில் இல்லை, இருக்கவும் கூடாது. நம் குழுப் பெண்கள் சமைத்ததை யாரோ ஒருவர் "எந்தத் தெருக்காரங்க செஞ்சது?" என்று கேட்டு வாங்காமல் போனது நம்மில் பலருக்கு இன்னும் ஆறாத புண். ஆகவே இந்தக் கோட்டை நாம் தாண்ட மாட்டோம்.

தமிழில் கேட்டால் அது மொழி அரசியலா?

இதையும் ஒரு சகோதரி கேட்டார். இன்றைய விதி என்ன சொல்கிறது தெரியுமா? பாக்கெட்டில் விவரம் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியிலும் போடலாம், தடை இல்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. அதனால்தான் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற சரத்தில் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. விளம்பரம் மட்டும் டி.வி.யில் நல்ல தமிழில் வருகிறது. வாங்கச் சொல்வதற்குத் தமிழ் தெரிகிறது; உள்ளே என்ன என்று சொல்வதற்குத் தமிழ் தெரியவில்லையா?

நாம் எந்த மொழியையும் எடுக்கச் சொல்லவில்லை. ஆங்கிலம் இருக்கட்டும், இந்தி இருக்கட்டும், விற்கிற ஊரின் மொழியும் சேரட்டும் என்கிறோம். ஆந்திராவில் விற்றால் தெலுங்கு, கேரளத்தில் விற்றால் மலையாளம். இதைக் கேட்பது மொழிச் சண்டை ஆகாது. அந்த மாமியாரின் ரத்த அழுத்தம் மொழிக்கொள்கை பார்த்து ஏறவில்லை.

முதலில் நம் பாக்கெட்டைப் பார்ப்போம்

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். போன கண்காட்சியில் நம் கூட்டமைப்பு கடை போட்டது. சத்து மாவு, இட்லிப் பொடி, ஊறுகாய், வடகம் எல்லாம் வைத்தோம். ஒரு அம்மா சத்து மாவை எடுத்து, "இதுல நிலக்கடலை இருக்குதா? என் பேரனுக்குச் சேராது" என்று கேட்டார். கடையில் நின்ற நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு குழு கடலை போடுகிறது, இன்னொரு குழு பொட்டுக்கடலை மட்டும் போடுகிறது. பாக்கெட் எல்லாம் ஒரே மாதிரி. மேலே ஒரு பூப்படமும் குழுவின் பெயரும் மட்டும்தான். தேதிகூட இல்லை. அந்த அம்மா பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் வைத்ததுதான் நல்லது. வாங்கிப் போய்க் கொடுத்து அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

ஊருக்கு உபதேசம் என்று ஆகிவிடக் கூடாது. கம்பெனிக்காரரிடம் கேட்பதை நாமும் செய்ய வேண்டும். "லேபிள் அடிக்கச் செலவாகுமே, நம்ம பொழப்பே சின்னது" என்று சில குழுக்கள் சொல்கின்றன. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பளபளப்பாக அச்சடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஸ்டிக்கர், தேதி போட ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். கூட்டமைப்பு மொத்தமாக அடித்துக் கொடுத்தால் செலவும் குறையும். சின்ன அளவில் உணவு தயாரிப்பவர்களுக்குத் தனியாகப் பதிவு முறை இருக்கிறது. பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

"சேர்மானத்தைச் சொன்னா தொழில் ரகசியம் போயிடாதா?" என்று ஒருவர் கேட்டார். என்னென்ன பொருள் என்று அதிக எடையிலிருந்து குறைந்த எடை வரை வரிசையாகத்தான் போடச் சொல்கிறார்கள். பக்குவத்தை யாரும் எழுதச் சொல்லவில்லை. நம் ஊறுகாயின் ருசி கைப்பக்குவத்தில் இருக்கிறது. அது லேபிளில் ஏறாது.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை

1. தேதி: தயாரித்த தேதி, எது வரை பயன்படுத்தலாம் என்ற தேதி. அழிந்திருந்தாலோ, மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ வாங்க வேண்டாம்.

2. சேர்மானம்: முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம். "கேழ்வரகு பிஸ்கட்" என்று முன்பக்கம் போட்டு, பின்பக்கம் முதல் பெயர் மைதாவாக இருந்தால் அது மைதா பிஸ்கட்தான்.

3. சோடியம்: அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் அளவு.

4. சர்க்கரை: 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை என்றால், ஒரு டீஸ்பூன் 5 கிராம் கணக்கில் ஆறு ஸ்பூன்.

5. சேராத பொருள்: நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

6. குறியும் எண்ணும்: பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா? 14 இலக்க உரிம எண் இருக்கிறதா?

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குப் படிக்கத் தெரிந்தவர் காட்டிக்கொடுக்க வேண்டும். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதனைக்கு அனுப்பவும் உரிமை உண்டு.

எப்படிக் கேட்கப் போகிறோம்?

கையெழுத்துப் போடத் தயங்கிய அக்காவின் பயம் தீர வேண்டும் அல்லவா? அதனால் கூட்டமைப்பு சில கட்டுப்பாடுகளைத் தானே போட்டுக்கொள்கிறது.

மனுவில் எந்தக் கட்சியின் பெயரும் இருக்காது. புகழ்ச்சியும் இருக்காது, வசவும் இருக்காது. ஒரே மனுவை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், மாவட்ட ஆட்சியருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், பாராளுமன்ற உறுப்பினருக்கும், எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் அனுப்புவோம். எந்தக் கட்சி மேடையிலும் இதைக் கொடுக்க மாட்டோம். தேர்தல் அறிவித்த பிறகு கையெழுத்து வாங்க மாட்டோம். கையெழுத்துப் போடாத உறுப்பினருக்குக் கடனிலோ வேறு எதிலோ எந்தக் குறையும் வராது. இவை அத்தனையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். நாளைக்கு நாமே இதிலிருந்து விலகினால், புத்தகத்தைக் காட்டி எங்களைக் கேட்கலாம்.

கூடவே, அடுத்த கண்காட்சிக்குள் நம் கூட்டமைப்பின் எந்தப் பாக்கெட்டும் சேர்மானமும் தேதியும் தமிழில் இல்லாமல் வெளியே போகாது. முதல் ஸ்டிக்கர் சத்து மாவுக்கு. அதில் நிலக்கடலை இருக்கிறதா இல்லையா என்பது முதல் வரியிலேயே இருக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

நம் வீட்டில் இந்த வாரம் வாங்கிய பாக்கெட்டுகள் எத்தனை? அவற்றில் தமிழில் சேர்மானம் போட்டவை எத்தனை? நம் குழு தயாரிப்பில் விடுபட்ட விவரம் என்ன? இந்த மூன்று கேள்விக்குப் பதிலை எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். காலிப் பாக்கெட்டுகளையும் கொண்டுவாருங்கள். அவற்றை மனுவோடு இணைக்கப் போகிறோம்.

சகோதரிகளே, கடைசியாக ஒன்று. கூலிக்குப் போய், சந்தா கட்டி, மிச்சம் பிடித்த காசில் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் வாங்குகிறோம். அந்தக் காசுக்கு வியர்வைக் கணக்கு உண்டு. குழுவின் பணம் ஒரு ரூபாய் குறைந்தாலும் நோட்டைத் திறந்து காட்டு என்று கேட்கிற பெண்கள் நாம். ஊக்குநரையே கேட்போம், பிரதிநிதியையே கேட்போம். அப்படிக் கேட்பதை யாரும் கட்சி என்று சொல்வதில்லை. கணக்கு என்றுதான் சொல்கிறோம். பாக்கெட்டைப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்பதும் கணக்குக் கேட்பதுதான். வயிற்றுக்குள் போகிற கணக்கு.

அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்த அக்காவும் இன்றைக்கு வந்திருக்கிறார். மனு மேசை மேல் இருக்கிறது. யாரையும் நாங்கள் கூப்பிடப் போவதில்லை. மனசுக்குச் சரி என்று பட்டால் வந்து போடுங்கள்.